வண்டி செய்த சத்தியம்

ஏனாத்தூர் சாலையில் கலையரசி ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ் என்று ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்குகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் இல்லீங்களா?" என்று அவளிடமே கேட்பார்கள். கையில் டெஸ்ட் லேம்ப், நெற்றியில் கிரீஸ், தலைக்கு மேலே போர்டில் அவள் பெயர். இதற்கு மேல் என்ன வேண்டும் இவர்களுக்கு? ஆரம்பத்தில் "நான்தாங்க" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம், "மெக்கானிக் சாப்புடப் போயிருக்காரு, அவரு வர்றதுக்குள்ள நானே முடிச்சிக் குடுத்துடறேன்" என்கிறாள். பாதிப் பேர் அதையும் நம்பிக்கொண்டு உட்காருகிறார்கள்.

நான் பக்கத்துக் கடை. முத்துக்குமார் சீட் கவர்ஸ். சொந்த இடம் பிள்ளையார்பாளையம். அப்பா தறி, தம்பி இன்றைக்கும் தறி. எனக்குத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்காரப் பொறுமை இல்லை, ரெக்ஸின் தைக்க வந்துவிட்டேன். கோபக்காரன் என்று என் வீட்டில் சொல்வார்கள். அவர்கள் கலையரசியைப் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன், அத்தோடு போய்விடும். அவளுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்ய ஆரம்பிக்கும். அதுதான் ஆபத்தானது.

அவளுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனாத்தூர் காலனிப் பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு, கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். எட்டு வருஷம் நின்றபடியே வேலை. எந்த நிற வயர் எங்கே போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஒருநாள் ஒரு லோடு வயர்கள் கோளாறு என்று திரும்பி வந்தன. அந்த வரிசையில் நின்றவள் கலையரசி. இயந்திரத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார்கள். "மிஷினையும் ஒரு தபா செக் பண்ணுங்க சார்" என்று அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. மறுநாள் பஸ்ஸில் அவள் பெயர் இல்லை. ஒரு மாதம் கழித்து, முனையை நசுக்கிப் பொருத்துகிற அச்சு தேய்ந்து போயிருந்தது என்று கண்டுபிடித்து மாற்றினார்களாம். உடன் வேலை பார்த்த பெண் சொல்லித்தான் இவளுக்கே தெரியும். திரும்ப வா என்று எவனும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் இந்தக் கொட்டகை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கோளாறு ஒரு தடவை தென்பட்டால் நம்ப மாட்டாள். "மூணு தபா வந்தாத்தான் வியாதி, ஒரு தபா வந்தா சாக்கு" என்பாள். ஒவ்வொரு தடவைக்கும் வண்டியின் கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். மூன்று கோடு விழாமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற மாட்டாள்.

இந்தக் கதை ஒரு வியாழக்கிழமை காலையில் ஆரம்பித்தது. நமச்சிவாயம் தன் பிக்கப் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். எங்கள் தெருவில் நாற்பது தறிக்குப் பாவு நூல் கொடுத்து நெய்ய வைக்கிற பட்டு முதலாளி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஆறு வருஷமாக அந்த வண்டியை ஓட்டியது ராமராஜன். காரணம் எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். பத்து நாளைக்கு முன்னால் மூன்று முகூர்த்தச் சேலைகளை மூட்டையாகக் கட்டி, வண்டியின் சீட்டுக்குப் பின்னால் வைத்து ராமராஜனிடம் அனுப்பினார். ஏனாத்தூர் கல்லூரி வளைவில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தால் பூட்டின கதவு திறந்திருந்தது. மூட்டை இல்லை.

"ஏம்மா, இந்த சென்டர் லாக்கை முழுசா கழட்டிப் போட்டுட்டு புதுசு மாத்திடு" என்றார் நமச்சிவாயம். "ரிமோட்டு, சாவி எல்லாமே புதுசா இருக்கணும். அவன் டூப்ளிகேட் வெச்சிருப்பான்."

"லாக்குல என்னா கோளாறுன்னு பாத்தீங்களா சார்?"

"கோளாறு வண்டியில இல்லம்மா. ஆளுகிட்ட."

கலையரசி வாயை மூடிக்கொண்டாள்.

அவர் நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுப்பா முத்துக்குமாரு. நம்ம தெருவுல எத்தினி பேரு சேலையைத் தோள்ல போட்டுக்கினு போறான். ஒருத்தன்கிட்டயாவது காணாம போச்சா? காலனி ஆளை நம்பி வண்டியைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். ஊசி எடம் குடுக்காம நூலு நுழையுமா? நாளைக்குக் காலையில தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்ல கற்பூரம் ஏத்தறோம். அவன் வந்து கையால அணைச்சி சத்தியம் பண்ணட்டும். பண்ணலன்னா போலீஸு" என்றார்.

கலையரசியின் வீடும் அதே காலனியில்தான் இருக்கிறது. அதுகூடத் தெரியாமலோ, தெரிந்தும் பொருட்படுத்தாமலோ, அவள் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னார். எது மோசம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். "ஆமாங்க" என்றுகூடச் சொல்லவில்லை, வெறுமனே ஆட்டினேன். அப்படி ஆட்டுவதற்கு எங்கள் தெருவில் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

"வண்டி இருக்கட்டும் சார்" என்றாள் கலையரசி. "நாளைக்கு நானே கோயிலாண்ட எடுத்துக்கினு வரேன்."

அவர் ஆட்டோவில் ஏறிப் போனதும் வேலையைத் தொடங்கினாள். முதலில் ரிமோட்டைத் திறந்து பாட்டரியைப் பார்த்தாள். புதிதாக இருந்தது. வண்டி பாட்டரியில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டரைக்கு மேல் காட்டியது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. கதவை மூடி ரிமோட்டை அமுக்கினாள். இண்டிகேட்டர் இரண்டு தரம் கண்ணடித்தது, இரண்டு கதவுகளும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. திறந்தாள். மறுபடி பூட்டினாள். ஒவ்வொரு தடவையும் கதவில் காதை வைத்து உள்ளே மோட்டார் இழுக்கிற சத்தத்தைக் கேட்டாள். வலக்கதவு, இடக்கதவு, மறுபடி வலக்கதவு. முப்பது தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் ஒரு கோடுகூட விழவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "கலை, ஒருவேளை அவனே..." என்று இழுத்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் மீதியை விழுங்கிவிட்டேன்.

மூன்று மணி வாக்கில் ராமராஜனே சைக்கிளில் வந்து சேர்ந்தான். நாற்பத்தைந்து வயதுக்காரன், பத்து நாளில் அறுபது ஆகிவிட்டிருந்தான். வெயில் தாங்காமல் என் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நான் மேசை டிராயரைப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து கலையரசி பக்கத்தில் நின்றேன்.

"விட்டுடும்மா கலை" என்று அங்கிருந்தே சொன்னான். "நாளைக்குக் கற்பூரம் அணைச்சிட்டு வந்துடறேன். முடிஞ்சி போவும்."

அவன் அப்படிச் சொன்னதுதான் தாமதம், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அவன் மேல் பாய்ந்தது. "யோவ், இன்னா முடிஞ்சி போவும்? நீ அணைச்சிட்டா நாளன்னைக்கு எவன் உன்கிட்ட வண்டி சாவி குடுப்பான்? பிளக்கைப் புடுங்கிப் பாத்தா தெரியற விஷயத்துக்கு நீ எதுக்குய்யா சாமி முன்னாடி போய் நிக்கணும்?"

"அணைக்கலன்னா நான்தான் திருடன்னு ஆயிடும்மா."

"அணைச்சா?"

"அணைச்சா, 'இவனுங்களுக்கெல்லாம் சாமி பயம் ஏது'ன்னு சொல்லுவாங்க."

எனக்கு அந்த நமச்சிவாயத்தை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. அவர் இல்லாதபோது எனக்கு எப்போதுமே தைரியம் அதிகம்.

கலையரசிதான் மறுபடி ஆரம்பித்தாள். "அன்னைக்கு வண்டிய எங்க, எப்படி நிறுத்தின? ஒண்ணு விடாம சொல்லு."

"கல்லூரி வளைவுல. ரோட்டை ஒட்டி. ஸ்பீடு பிரேக்கர் பக்கத்துல."

"அந்த நேரம் இன்னா போய்க்கினு இருந்துது?"

"காலேஜி பஸ்ஸுங்க. வரிசையா போய்க்கினு இருந்துது. ஒவ்வொண்ணும் ஏறி எறங்கும்போது தரையே அதிரும்."

அவள் ரிமோட்டை அமுக்கினாள். கதவுகள் பூட்டின. "ண்ணா, பின்னாடி பம்பர் மேல ஏறிக் குதிங்க" என்றாள் என்னிடம். என் உடம்புக்கு அது நியாயமான வேலை இல்லைதான். ஏறினேன், குதித்தேன். ஒன்றுமில்லை. மறுபடி குதித்தேன். மூன்றாவது குதியில் 'டக்'.

ரிமோட் அவள் சட்டைப் பையில் இருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. இரண்டு கதவின் பூட்டும் தானாகத் திறந்துகொண்டது.

ராமராஜன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். கலையரசி ஒரு சிரிப்புகூடச் சிரிக்காமல் கண்ணாடியில் முதல் கோட்டைப் போட்டாள். "ஒரு தபா வந்தா சாக்கு. குதிங்க."

ஐந்து மணிக்குள் மூன்று கோடு விழுந்தது, எனக்கு முழங்கால் போயிற்று.

அதற்கப்புறம் அவள் செய்ததைப் பார்க்க வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, டிரைவர் கதவுக்குப் போகிற பிளக்கைப் பிடுங்கினாள். இடக்கதவை மட்டும் பூட்டி, என்னைக் குதிக்கச் சொன்னாள். இருபது குதி. இடக்கதவு அசையவில்லை. "சென்டர் லாக்கு பெட்டி நல்லா இருக்குது. நோவு டிரைவர் கதவு பக்கம்" என்றாள். பிளக்கைத் திரும்பச் செருகினாள். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி, உள்ளே இருக்கிற மோட்டாரின் வயரைப் பிடுங்கினாள். மறுபடி குதித்தேன். இடக்கதவு 'டக்' என்று திறந்தது.

"மோட்டாரு மேலயும் தப்பு இல்ல" என்றாள். "பிளக்குக்கு இந்தாண்ட, மோட்டாருக்கு அந்தாண்ட. நடுவுல இன்னாண்ணா இருக்குது?"

நடுவில் இருப்பது கதவின் கீல். வண்டி உடம்பிலிருந்து கதவுக்குள் வயர்கள் ஒரு ரப்பர் குழாய் வழியாக அந்தக் கீலை ஒட்டித்தான் போகும். கதவை முழுக்கத் திறந்து அவள் டார்ச்சை அடித்தாள். மஞ்சளும் குங்குமமும் அப்பி, ரப்பர் குழாயைச் சுற்றிச் சுற்றி, கீலோடு சேர்த்து முடிச்சுப் போட்டு ஒன்று மின்னியது. ஜரிகை.

"தொடாதே" என்று என் வாயில் தானாக வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் உள்ள பழக்கம் அது. ஆயுத பூஜை அன்றைக்குப் புது ஜரிகைச் சுருளிலிருந்து ஒரு முழம் நறுக்கி, மஞ்சள் தடவித் தறிக் காலில் கட்டுவார்கள். "தறி மாதிரிதான் வண்டியும், சேலையை அதுதானே சுமக்குது" என்று நமச்சிவாயம் வண்டிக்கும் கட்டினார். வெளியே கட்டினால் எவனாவது அறுத்துக்கொண்டு போவான் என்று கீலுக்குள் மறைவாகக் கட்டினார். பழையதை அவிழ்க்கக் கூடாது, அதன் மேலேயே புதியதைச் சுற்ற வேண்டும். நான்கு ஆயுத பூஜை, நான்கு சுற்று. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் அந்த வண்டிக்குச் சீட் கவர் போட்டவன் நான்தான். அதைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவனும் நான்தான்.

கலையரசி நகத்தால் லேசாக விலக்கிக் காட்டினாள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஜரிகை ரப்பரை அறுத்திருக்கிறது. ரப்பரை அறுத்து, உள்ளே ஒரு வயரின் தோலையும் உரித்து, செம்பு தெரிந்தது.

"இந்த வயரு பாடியைத் தொட்டா, டிரைவரு உள்ள உக்காந்துக்கினு கதவைத் தொறக்கச் சொல்றாருன்னு பெட்டி நெனச்சிக்கும்" என்றாள். "ஜரிகை கீலுல கட்டியிருக்குது. கீலும் பாடிதான். வண்டி அதிரும்போது ஜரிகை போய் செம்பைத் தொடுது. அவ்ளோதான்."

ராமராஜன் கீழே உட்கார்ந்துவிட்டான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்ப அவுத்துடு கலை, வயரை ஒட்டிடு" என்றேன்.

"நான் எதுக்கு அவுக்கணும்?" என்றாள். டோர் பேடைத் திரும்ப மாட்டி, எல்லாப் பிளக்கையும் செருகினாள். ஜரிகையைத் தொடவே இல்லை. "கட்டுனவரு வந்து அவுக்கட்டும். ண்ணா, நீங்க சீட் கவர் ஓரத்துக்கு வெச்சித் தைப்பீங்களே பிளாஸ்டிக் ஜரிகை, அதுல ஒரு முழம் குடுங்க."

எதற்கென்று சொல்லவில்லை. கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் முன்னால் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். வேலை வெட்டி இல்லாத கூட்டமில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்த கூட்டம். ஒருவன் தலைகுனிவதைப் பார்ப்பதற்கு எங்கள் ஆட்கள் அரை நாள் கூலியையும் விடுவார்கள். நமச்சிவாயம் முன்னால் நின்றார். சேலை எடுக்க வந்திருந்த சேலத்து வியாபாரி ஒருவரும் வேடிக்கை பார்க்க அவரோடு வந்திருந்தார். ராமராஜன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அவன் மனைவி கங்கையம்மாளோடு ஓரமாக நின்றான். அந்த அம்மாள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தட்டில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்கள்.

அப்போதுதான் பிக்கப் தெருவுக்குள் வந்தது. கலையரசி ஓட்ட, நான் பக்கத்தில். கோயிலுக்கு நேரே நிறுத்தி இறங்கினாள்.

"சார், அவரு அப்புறம் சத்தியம் பண்ணட்டும். மொதல்ல வண்டி பண்ணட்டும்" என்றாள்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அவள் அவனைப் பார்த்தாள், அவன் சிரிப்பு நின்றது. ரிமோட்டை நமச்சிவாயத்தின் கையில் கொடுத்தாள். "உங்க கையாலயே பூட்டுங்க. பூட்டிக்கினு ரிமோட்டை நீங்களே வெச்சிக்கோங்க."

அவர் பூட்டினார். இண்டிகேட்டர் இரண்டு தரம் கண்ணடித்தது. அவரே போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது.

"கொஞ்சம் ஆட்டுங்கப்பா" என்றாள். நாலைந்து பேர் பின்னால் நின்று வண்டியைக் குலுக்கினார்கள். 'டக்'. நமச்சிவாயம் தன் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கலையரசி கண்ணாடியில் ஒரு கோடு போட்டாள். மறுபடி பூட்டச் சொன்னாள். இரண்டாவது கோடு. மூன்றாவது கோடு.

பிறகு கதவைத் திறந்து கீலைக் காட்டினாள். எங்கே உரசியது, எந்த வயர், எப்படித் திறக்கிறது என்று என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னாள்.

நமச்சிவாயத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரை ஏமாத்தப் பாக்கறே? அது சாமி நூலும்மா. பூஜையில வெச்சிக் கட்டுனது. நூலுல எங்கயாவது கரண்டு போவுமா?"

"நூலுல போவாது சார்" என்றாள் கலையரசி. பையிலிருந்து என் பிளாஸ்டிக் ஜரிகையை எடுத்து, கரண்டு போனால் சத்தம் போடுகிற மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அதன் மேல் வைத்தாள். சத்தமில்லை. "இது பிளாஸ்டிக். இதுல போவாது. இதைக் கட்டியிருந்தீங்கன்னா கதவு தொறந்திருக்காது." அப்புறம் ஊசிகளைக் கீலில் இருந்த ஜரிகையில் வைத்தாள். மீட்டர் கிறீச்சென்று கத்தியது. எடுத்தாள், நின்றது. வைத்தாள், கத்தியது.

"உங்க ஜரிகை என்னா சார்? அசலா, பிளாஸ்டிக்கா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவள் எதற்காக அதை என்னிடம் கேட்டு வாங்கினாள் என்று. பக்கத்தில் சேலத்து வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கடை வாசலில் 'அசல் வெள்ளி ஜரிகை' என்று இரண்டடி உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார் நமச்சிவாயம். கரண்டு போகாது என்றால் ஜரிகை பிளாஸ்டிக். ஜரிகை அசல் என்றால் கதவைத் திறந்தது அவர் கை. அந்த மனுஷன் எச்சில் விழுங்குவதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"அசல்தான்" என்றார். காதில் விழாத மாதிரி சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க சார், எல்லாரும் வந்துக்கீறாங்க."

"அசல் ஜரிகைதாம்மா!"

"அப்ப உங்க கதவைத் தொறந்தது உங்க ஜரிகைதான்."

கற்பூரம் தட்டில் எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க யாரும் முன்னால் வரவில்லை. ராமராஜன் வர வேண்டியதில்லை. வர வேண்டியவர் வரவில்லை. அது தானாக எரிந்து தீர்ந்து, தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது.

"சரி, விடுங்கப்பா. ஆனது ஆச்சு. தெரிஞ்சா செஞ்சோம்?" என்றார் நமச்சிவாயம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பத்து நாளாக ஒருவனைத் தெருத் தெருவாகத் திருடன் என்று சொல்லிவிட்டு, ஆனது ஆச்சாம்! "ஏம்மா, அதை அவுத்துட்டு வயரைச் சரி பண்ணிடு."

"சாமி நூலு சார். நான் எப்படி தொடறது? கட்டுனவங்கதான் அவுக்கணும்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். எவனும் உதவிக்கு நகரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வண்டிக் கதவின் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான்கு வருஷத்து முடிச்சு, மஞ்சளில் ஊறி இறுகிப் போயிருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. ஐம்பது பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் சிடுக்காகிப்போன ஜரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தவர், அந்த எரிச்சலையும் ராமராஜன் மேல்தான் காட்டினார்.

"கதவு தானாத் தொறந்துக்குதுன்னு மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா?"

"சொன்னேன் மொதலாளி" என்றான் ராமராஜன். குரல் உயரவே இல்லை. "போன ஐப்பசியில ஒரு தபா சொன்னேன். பொங்கல் முடிஞ்சி ஒரு தபா சொன்னேன். நீ பூட்ட மறந்துட்டிருப்ப போடான்னீங்க. சேலை போன அன்னைக்கும் அதையேதான் சொன்னேன்."

நமச்சிவாயம் வண்டிக்குள் கையை விட்டார். வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். "சரி, திங்கக்கெழமை வந்துடு."

ராமராஜன் அந்தச் சாவியைப் பார்த்தான். கங்கையம்மாள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கூட்டத்துக்கு நடுவில் நடந்து போனார்கள். நீட்டின கை நீட்டினபடியே நின்றது. கடைசியில் அந்தச் சாவியைக் கலையரசி வாங்கி வண்டியில் போட்டாள், வயரை ஒட்டியாக வேண்டுமே.

கொட்டகைக்குத் திரும்பும் வழி முழுக்க நான் கத்திக்கொண்டே வந்தேன். அங்கே போன பிறகும் அடங்கவில்லை. "ஒரு மன்னிப்பு கேட்டானா பாரு அந்த ஆளு! மூணு தபா சொல்லியிருக்கான். ஒரு தபாவாவது நம்புனானா? விபூதி பூசிக்கினா ஆச்சா? மனுசனை மனுசனாப் பாக்கத் தெரியாத பசங்க. எங்க தெருவே இப்படித்தான். எனக்கு ரத்தம் கொதிக்குது கலை!"

அவள் ரப்பர் குழாயைப் பிளந்து, உரிந்த வயரை வெட்டிப் பொருத்திக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க டிராயரு சாவி எங்கண்ணா?"

"டிராயர்லதான். எப்பவும் அதுலயேதானே தொங்கும்..."

சொல்லிக்கொண்டே என் கை இடுப்புக்குப் போனது. கடை திறந்து பதினைந்து வருஷம். எத்தனையோ பேர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள், ஒருநாளும் அந்த டிராயரை நான் பூட்டினதில்லை. நேற்று மூன்று மணிக்கு மாட்டிய சாவி இடுப்பிலேயே இருந்தது.